ஆசை திரும்பி வந்த வழி

சுண்டு என்பது அவளுடைய பெயர் இல்லை. கல்யாணமான புதிதில், பக்கத்தில் நின்றால் தன் சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள் என்று புருஷன் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தது. பிறகு அவனும் மறந்தான், அவளும் மறந்தாள், அதுவே பெயராகிவிட்டது. அவனோ எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். தெருவில் அவனுக்கு நெட்டை என்று பெயர். நேரில் நெட்டை முதலாளி, முதுகுக்குப் பின்னால் வெறும் நெட்டை.

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு லாண்டரி நடத்தினார்கள். சட்டை பேன்ட் வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுக்கிற லாண்டரி இல்லை. ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் வரும். வேனிலிருந்து இறக்கி, கறை பார்த்துப் பிரித்து, துவைத்து, பிழிந்து, ரோலரில் கொடுத்து, மடித்து, மறுபடி வேனில் ஏற்ற வேண்டும். கீழே லாண்டரி, மேலே வீடு. கீழே கொதிக்கிற பாய்லரின் சூடு சுவர் வழியாக மேலேயும் ஏறும். மழைக்காலத்தில் அது சுகம். வெயில் காலத்தில் சட்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ரோலர் என்பது சூடான பெரிய உருளை. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறு பக்கம் காய்ந்து வழவழவென்று வெளியே வரும். கொடுக்க இரண்டு பேர் வேண்டும். இந்த மூலை சுண்டுவின் கையில், அந்த மூலை நெட்டையின் கையில். அவன் கை உயரத்துக்கு அவள் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நிற்பாள். வருஷக்கணக்காக இப்படி நின்றதில் பேச்சே வேண்டியிருக்கவில்லை. அவன் லேசாக இழுத்தால் இவள் தளர்த்துவாள், இவள் உதறினால் அவன் பிடித்துக்கொள்வான்.

அன்றைக்கு அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் அவன் பேச்சை எடுத்தான்.

"ஓட்டல் மேனேஜர் ஒரு விஷயம் சொன்னாரு."

"என்னவாம்? துண்டுல கறை போகலையாமா?"

"அதில்ல. கப்பல்ல ஆள் எடுக்குறாங்களாம். பெரிய பயணிகள் கப்பல். லாண்டரிக்கு சூப்பர்வைசர். ஒன்பது மாசம் கடல்ல, மூணு மாசம் வீட்ல."

"சரி."

"போகட்டுமா?"

அடுத்த விரிப்பை உதறிக்கொண்டே சுண்டு சொன்னாள்: "போயிட்டு வாங்களேன். மெஷினையெல்லாம் நானும் மடிப்பக்காவும் பாத்துக்குறோம்."

அவன் பக்கத்து மூலை இழுபடவில்லை. விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சுருண்டு மாட்டிக்கொண்டது. இந்த ரோலர் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு விரிப்பு மாட்டியதில்லை. அவன் சுவிட்சை அணைத்து, குனிந்து, சூட்டோடு அதைப் பிடுங்கி எடுத்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்தாள். மாட்டியது விரிப்பு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அவளைப் பயமுறுத்தியது அவன் முகம்கூட இல்லை. ஒன்பது மாசம் என்று அவன் சொன்னதும் தன் மனசில் முதலில் வந்த நினைப்பு: 'அப்பாடா, பாயில் காலை நீட்டிப் படுக்கலாம்.' இந்த மனுஷன்மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள். கட்டிக்கொண்ட புதிதில், மத்தியானம் ஆள் நடமாட்டம் குறைந்தால் போதும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடிப்படியில் ஓடியவர்கள்தான் இவர்கள். அந்தச் சுண்டு எங்கே போனாள்?

எந்த நாளில் போனாள் என்று சொல்ல முடியவில்லை. அவன் அவள் தோளில் கை வைத்தால் பிழியும் மெஷினில் துணி கிடக்கிறதே என்று ஞாபகம் வரும். "டயர்டா இருக்குங்க" என்பாள். உண்மையிலேயே டயர்டாகத்தான் இருக்கும். அவன் கையை எடுத்துக்கொள்வான். கோபித்துக்கொண்டதில்லை. கொஞ்ச நாளில் கை வைப்பதையே விட்டுவிட்டான். சண்டை போட்டிருந்தாலாவது ஒரு பேச்சு நடந்திருக்கும். இவர்களிடம் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. நல்ல கூட்டாளிகள் மாதிரி தொழில் மட்டும் ஜாம்ஜாம் என்று நடந்தது.

மறுநாள் காலையில் நெட்டை வேனோடு போனதும், துண்டு மடித்துக்கொண்டிருந்த மடிப்பக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தாள். மடிப்பக்கா அங்கே மடிப்பு வேலைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. ஐம்பது தாண்டியவள். புருஷன் லாரி ஓட்டுகிறான். அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும்.

"அக்கா, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற மாதிரி இருந்தா சிரிப்பேன். கேளு."

"அவர்கிட்ட எனக்கு... அந்த ஆசையே வரமாட்டேங்குது."

மடிப்பக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த துண்டை மடித்து அடுக்கின்மேல் வைத்து, தட்டிவிட்டு, பிறகுதான் பேசினாள்.

"வேற யார்கிட்டயாவது வருதா?"

"ஐயோ, அக்கா!"

"இல்ல, கேட்டுக்கணும்ல? வருதுன்னா அது வேற கதை."

"யார்கிட்டயும் வரல. ஒண்ணுமே வரல. பசி இல்லாதவ முன்னாடி சாப்பாட்டை வெச்ச மாதிரி இருக்கு. அவரைப் பாத்தா பாவமா இருக்கு. பாவம் பாத்து என்ன பண்றது?"

"பாவம் பாத்துப் பண்ணினா அவனுக்கும் தெரியும், உனக்கும் கசக்கும்" என்றாள் மடிப்பக்கா. "என் கதை உனக்கு உதவாது. எங்க வீட்டு ஆளு மாசத்துல பாதி நாள் ரோட்டுல. வர்றப்ப எனக்கே யாரோ புது ஆளு வந்த மாதிரி இருக்கும். நீங்க ரெண்டு பேரும் விடிஞ்சா அடைஞ்சா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு ஊர்ப்பட்ட அழுக்கைத் துவைக்கிறீங்க. ஆனா அது மட்டும்தானான்னு எனக்குத் தெரியாது. உன் மூஞ்சியும் வெளுத்துப் போய்க் கெடக்கு. மார்க்கெட் பக்கத்துல ஒரு பொம்பள டாக்டர் இருக்கு. வாய் ஜாஸ்தி. கை சுத்தம். போய்ப் பாரு."

"இதுக்கெல்லாமா டாக்டர்?"

"மெஷின்ல தண்ணி ஏறலன்னா மெக்கானிக்கைக் கூப்புடுற. உனக்கு ஒண்ணுன்னா மட்டும் தானா சரியாயிடும்னு உக்காந்திருப்பியா?"

டாக்டருடைய அறையில் மின்விசிறி கடகடவென்று ஓடியது. அதைத் தாண்டிப் பேசிப் பேசியே டாக்டருக்குக் குரல் பெரிதாகிவிட்டிருந்தது.

"கதவைச் சாத்திட்டு வாம்மா. இல்லன்னா வெளிய உக்காந்திருக்கிறவங்களுக்கும் சேத்து வைத்தியம் ஆயிடும். என்ன பண்ணுது?"

"டயர்டா இருக்கு டாக்டர்."

"எல்லாருக்கும் டயர்டுதான். அதுக்காக யாரும் தலை சீவி, புதுத் துணி போட்டுக்கிட்டு வரமாட்டாங்க. நீ வேற எதுக்கோ வந்திருக்க."

சுண்டு மேசையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். பாதி சொன்னாள், மீதியை டாக்டரே பிடுங்கிக்கொண்டார்.

"அவர் மேல கோபமா?"

"இல்ல."

"அடிக்கிறாரா? குடிக்கிறாரா?"

"டீயே அரை கிளாஸ்தான் டாக்டர் குடிப்பாரு."

"சேரும்போது வலிக்குதா?"

"அது நடந்தாத்தானே வலிக்குதா இல்லையான்னு தெரியும்?"

"சரி, நடந்தப்போ எப்படி?"

சுண்டு யோசித்தாள். "ஆரம்பிச்சிட்டா நல்லாத்தான் இருக்கும். ஆரம்பிக்கணும்னுதான் தோண மாட்டேங்குது."

"ராத்திரி எங்க படுக்குறீங்க?"

"ஹால்ல. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ரூம் இல்லையா?"

"இருக்கு. பொண்ணு படிக்கிறதுக்கு விட்டுட்டோம். பத்தாவது வந்தப்போ."

"இப்ப என்ன படிக்கிறா?"

"காலேஜ் ரெண்டாவது வருஷம்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த பேனா உருண்டது. "அடப் பாவமே. பத்தாவது பரீட்சை முடிஞ்சு இத்தனை வருஷமாச்சு, இன்னும் ரெண்டு பேரும் ஃப்ரிட்ஜுக்குக் காவலா படுத்துருக்கீங்களா? சரி, சாப்பிடுற மாத்திரை என்னென்ன?"

மூக்குக்கு ஒரு மாத்திரை தினமும் சாப்பிடுகிறாள். லாண்டரியில் பறக்கிற பஞ்சுத் தூசிக்குத் தும்மல் நிற்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, வருஷக்கணக்காக ஓடுகிறது.

"தும்மல் மட்டுமா நிக்கும்? நாள் பூரா மந்தமா வெச்சிருக்குமே. இதை நிறுத்து, வேற எழுதித் தர்றேன். மூக்குல துணி கட்டிக்கிட்டு வேலை செய். மாசாமாசம் போக்கு எப்படி?"

"ரொம்பப் போகும். அது வேலை அலுப்புன்னு..."

"எல்லாத்தையும் வேலை மேலயே போடாத, அதுவும் பாவம்" என்று டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

ரிசல்ட் வந்தபோது டாக்டரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "உன் ரத்தத்துல சத்தே இல்ல. இதை வெச்சுக்கிட்டு நீ அந்தச் சூட்டுல நிக்கிறதே பெருசு. இதுல ஆசை வேற வரணும்னா எங்கேருந்து வரும்? இரும்புச் சத்து மாத்திரை தர்றேன், போக்கைக் குறைக்கவும் தர்றேன். ஆனா ஒண்ணு. மாத்திரை உன்னைத் தெம்பா நிக்க வைக்கும். மீதி வேலை உங்க ரெண்டு பேருதுதான். சில பேருக்கு ஆசை முதல்ல வரும். சில பேருக்குத் தொட்டுப் பேசிச் சிரிச்சு, கொஞ்சம் நேரம் கழிச்சுத்தான் வரும். ரெண்டுமே ஆசைதான். முன்னாடியே வரலையேன்னு உன்னை நீயே கழிச்சுக் கட்டாத. அதே நேரம் பிடிக்காம, அவருக்காகன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒண்ணும் செய்யாத. அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வா."

"அவர் வெக்கப்படுவாரு டாக்டர்."

"நீ மட்டும் என்ன தமுக்கடிச்சிக்கிட்டா வந்த?"

மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தாளே தவிர, புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று போய்க்கொண்டிருந்தது. அவன் பக்கமும் சில விசித்திரங்கள் நடந்தன. விடிந்ததும் ஓடப் போகிறேன் என்று கிளம்பினான். முதல் நாள் நாய் துரத்தியதால் உண்மையாகவே ஓடினான். மீசைக்கு மை போட்டான். வலது பக்கம் கன்னங்கரேல் என்றும் இடது பக்கம் கொஞ்சம் செம்பட்டையாகவும் வந்தது. மூட்டைகளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன உன் வீட்டுக்காரன் திடீர்னு மாப்பிள்ளை வேஷம் கட்டுறான்?" என்றாள் மடிப்பக்கா.

"கப்பலுக்கு உடம்பு ஃபிட்டா இருக்கணுமாம், அதான்" என்றாள் சுண்டு. அவள் அப்படித்தான் நினைத்தாள். அப்படியானால் போகத்தான் போகிறான்.

அந்த வாரக் கடைசியில்தான் மேசை விரிப்பு விவகாரம் வெடித்தது.

பெரிய ஓட்டலில் அன்றைக்குச் சாயங்காலம் ஒரு விருந்து. தும்பைப்பூ மாதிரி வெள்ளை விரிப்புகள் வேண்டும் என்று காலையிலேயே ஒரு மூட்டை கொடுத்தனுப்பியிருந்தார்கள். நெட்டை வேனோடு போயிருந்தான். அவன் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. மடிப்பக்கா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கறை எடுக்கிற பவுடர் விற்கிறவன் புதுசாக ஒன்று அனுப்புகிறேன் என்று போன வாரம்தான் சொல்லிப்போயிருந்தான். அதுதான் என்று பிரித்தாள். வெள்ளை டப்பா, உள்ளே பழுப்புப் பவுடர். புது மருந்து எப்படி வேலை செய்கிறது பார்ப்போம் என்று விரிப்புகள் ஊறுகிற தொட்டியில் தாராளமாகப் போட்டுக் கலக்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டியிலிருந்து ஒரு விரிப்பைத் தூக்கியவள் போட்ட கூச்சலில் சுண்டு மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். விரிப்பு முழுக்கத் தண்ணி டீயின் நிறம்.

"என்னக்கா போட்டீங்க?"

"இந்தா, இதைத்தான். பவுடர்காரன் அனுப்பினது."

சுண்டு டப்பாவைத் திருப்பினாள். அந்தப் பக்கம் ஒரு குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றது. குதிரைக்குக் கீழே, கட்டில் ஓரமாக ஒரு ஆணும் பெண்ணும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 'இழந்த வீரியத்தை மீட்டுத் தரும்' என்று எழுதியிருந்தது. காலை, மாலை, வெதுவெதுப்பான பாலில்.

சரியாக அந்த நேரத்தில் நெட்டை வாசலில் குனிந்து உள்ளே வந்தான். டப்பாவைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்துபோயின.

"தம்பி, இது சாப்புடுறதா?" என்றாள் மடிப்பக்கா. "நான் துவைக்கிறதுன்னு நெனச்சுத் தொட்டியில கொட்டிட்டேனே! போச்சு. இன்னிக்கு விருந்துல மேசையெல்லாம் எகிறிக் குதிக்கப் போவுது!"

சொல்லிவிட்டு அவளே தாங்க மாட்டாமல் சிரித்தாள். பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்கு வயிறு கிள்ளுது, டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினாள். "மெதுவாத்தான் வருவேன்."

சுண்டுவும் நெட்டையும் தொட்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் விரிப்பு வெளுக்க வேண்டும். அதனால் பேச்சு வருவதற்கு முன்னால் கை வேலையை ஆரம்பித்தது. பழுப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சுடுதண்ணீர் பிடித்தார்கள். ஒவ்வொரு விரிப்பாக அலசினார்கள்.

"எத்தனை நாளா சாப்பிடுறீங்க?"

"இது ரெண்டாவது டப்பா."

"வயிறு?"

"கலக்குது" என்று ஒத்துக்கொண்டான்.

"பின்ன கலக்காதா? விரிப்பே கலங்கிப் போச்சு. யாரைக் கேட்டு வாங்கினீங்க?"

"யாரைக் கேக்க முடியும்? என்கிட்டதான் ஏதோ கொறைன்னு நெனச்சேன். தலை நரைச்சிடுச்சு, முதுகு கூனிடுச்சு. உனக்கு என்னைப் பாத்தாலே அலுப்பா இருக்குன்னு." அவன் விரிப்பை முறுக்கிக்கொண்டே, அதைப் பார்த்தே பேசினான். "போகட்டுமான்னு கேட்டேன்ல, அன்னிக்கு. போகாதீங்கன்னு நீ சொல்லுவன்னுதான் கேட்டேன். நீ மெஷினைப் பாத்துக்குறேன்னு சொன்ன."

சுண்டு கையிலிருந்த விரிப்பைத் தொட்டியில் விட்டாள். "உங்ககிட்ட கொறை இல்ல. எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு. உங்க கை பட்டா துணி ஞாபகம் வருது, பாய்லர் ஞாபகம் வருது. உங்க ஞாபகம் மட்டும் வரல. அதைப் போய் எப்படிச் சொல்றது? நான் டாக்டர்கிட்டகூடப் போனேன்."

அவன் கை நின்றது. "எதுக்கு?"

"இதுக்குத்தான்."

"தனியாவா போன? நம்ம விஷயத்துக்காகவா?"

"பின்ன, பக்கத்து வீட்டு விஷயத்துக்கா போவாங்க? ரத்தம் இல்லையாம். மூக்கு மாத்திரை மந்தமாக்குதாம். ஃப்ரிட்ஜுக்குக் காவல் படுக்காதீங்கன்னு வேற சொன்னாங்க."

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. "ஆசை வரணும்னு நீ ஆசைப்பட்டியா, சுண்டு?"

"ஆமா."

அவன் தொட்டி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தால்தான் இருவர் முகமும் ஒரே உயரத்துக்கு வரும். ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மீசை மை கரைந்து கன்னத்தில் ஈஷிக்கொண்டது.

"எனக்கு இது போதும். நீ வரணும்னு நெனச்ச பாரு, அது போதும். மெதுவா வரட்டும். வர்றப்ப வரட்டும்."

"அப்போ கப்பல்?"

"எனக்கு ஆத்துல படகு ஏறினாலே தலை சுத்தும். ஒன்பது மாசமா? வாந்தி எடுத்தே செத்துருப்பேன்."

இந்தத் தடவை அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அவன். சிரித்துச் சிரித்துக் கொஞ்சம் அழுதும்விட்டார்கள். மடிப்பக்கா திரும்பி வந்தபோது இரண்டு பேரும் மும்முரமாக அலசிக்கொண்டிருந்தார்கள். விரிப்புகள் நேரத்துக்கு வெளுத்துவிட்டன. ஒன்று மட்டும் பிடிவாதமாக மங்கலாகவே நின்றதால், அதை எடுத்து வைத்துவிட்டு வீட்டிலிருந்த புது விரிப்பைக் கொடுத்தனுப்பினார்கள்.

நெட்டை அன்றே மேனேஜரைக் கூப்பிட்டுக் கப்பலுக்கு ஆள் வேறு பார்க்கச் சொல்லிவிட்டான். அடுத்த வாரம் டாக்டரிடமும் போனார்கள். டாக்டர் அவனை அண்ணாந்து பார்த்து, "இந்த உயரத்துக்கு ஃப்ரிட்ஜ் பக்கத்துல எப்படிப் படுத்த?" என்று கேட்டார். குதிரைப் பவுடருக்குக் கிடைத்த திட்டு வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவனுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை.

மகளிடம் அறையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று இரண்டு பேரும் தயங்கினார்கள். சாப்பிடும்போது நெட்டைதான் சுற்றி வளைத்து ஆரம்பித்தான். அப்பாவுக்கு முதுகு வலி, கட்டிலில் படுத்தால் தேவலாம் என்று.

"அப்பாடா!" என்றாள் மகள். "இப்பவாவது கேட்டீங்களே. அந்த ரூம்ல பாய்லர் பைப் சுவத்துக்குள்ள போகுதுப்பா. வெந்து சாகுறேன். நீங்க பாவம், எனக்காக விட்டுக் கொடுத்தீங்களேன்னு வாயைத் திறக்காம இருந்தேன். ஹால்ல காத்து சூப்பரா வருது."

"அப்போ நாங்க இத்தனை வருஷமா..." என்று சுண்டு ஆரம்பித்து நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை நான் லைப்ரரிக்குப் போறேன்" என்றாள் மகள், தட்டைக் கழுவ எழுந்துகொண்டே. "காலையில போனா சாயங்காலம்தான் வருவேன்." அவள் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னதால், இவர்களும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அறை கிடைத்துவிட்டது என்பதற்காக ஆசை ஓடி வந்துவிடவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் போனதும், குளித்து, புது விரிப்பு போட்டு, கதவைச் சாத்தினார்கள். தலையணையில் தலையை வைத்ததுதான் தெரியும். மகள் வந்து கதவைத் தட்டி எழுப்பினாள். அடுத்த ஞாயிறு நெட்டை சட்டையில் சென்ட் அடித்துக்கொண்டு வந்தான். சுண்டு தும்ம ஆரம்பித்தாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்து, அவன் சட்டையைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, கடைசியில் ஆவி பிடிக்கச் சுடுதண்ணீர் வைத்ததோடு அந்த ஞாயிறு முடிந்தது. ஆனால் அன்றைக்கு அவன் அவள் தலையைத் துவட்டிவிட்டான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று சொன்னாள். முன்பெல்லாம் பிடித்ததைச் சொன்னதில்லை, அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடுவாள்.

ஷட்டரை இறக்கிய பிறகு லாண்டரி பேச்சு கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதல் நாள் பேச ஒன்றுமே இல்லாமல் இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். கடைவீதியில் சும்மா நடந்தார்கள். ஒரு செருப்புக்கடை வாசலில் நின்று, தன் கால் அளவுக்குச் செருப்பு கிடைக்காமல் பள்ளிக்கூட நாளில் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போன கதையைச் சொன்னான். இத்தனை வருஷத்தில் அதை அவள் கேட்டதில்லை. "இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள். கூட்டத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையில் பாய்லர் ஞாபகம் வரவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள்.

மாத்திரையும் மெல்ல வேலை செய்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. காலையில் கண் விழிக்கும்போது உடம்பு தன்னுடையது மாதிரி இருந்தது. ஒரு ஞாயிறு, எந்த ஏற்பாடும் இல்லாமல், பேசிக்கொண்டே படுத்திருந்தார்கள். அவன் அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். "போதுமா?" என்றான். "போதாது" என்றாள். டாக்டர் சொன்னது சரிதான். கொஞ்சம் நேரம் கழித்து வந்தது. வந்தது தெரிந்ததும் அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று அவன் பதற, "உங்களைப் பாத்து இல்லைங்க, என்னைப் பாத்துத்தான்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் சில வாரங்கள் வந்தது, சில வாரங்கள் வரவில்லை. வராத நாளில் "இன்னிக்கு இல்லைங்க" என்று அவளால் பயமில்லாமல் சொல்ல முடிந்தது. அவனும் முகம் வாடாமல், "சரி, அப்போ முதுகைச் சொறிஞ்சு விடு" என்பான்.

மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில், ஊரெல்லாம் வேலையில் இருக்கிற நேரத்தில், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் டமார் என்று வெடித்துக் கரண்டு போனது. மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த இடத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை. பிழிந்த விரிப்புகள் ஈரத்தோடு கிடந்தன. இப்படியே கிடந்தால் நாறிவிடும் என்று கூடையில் அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். மடிப்பக்கா கீழே ஷட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மாடியில் வெயிலும் காற்றுமாக இருந்தது. சுண்டு எடுத்துக் கொடுக்க, நெட்டை கொடியில் போட்டான். அவனுக்குக் கோல் வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும். காற்று அடித்ததும் ஒரு பெரிய விரிப்பு அவன் மேலேயே சுற்றிக்கொண்டது. அவன் உள்ளே சிக்கி, கையைக் காலை ஆட்டி, ஒருவழியாகத் தலையை வெளியே நீட்டினான். சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. பாதி கறுப்பும் பாதி நரையுமாக மீசையில் தண்ணீர் சொட்டியது. "பாத்துக்கிட்டு நிக்கிறியே, எடுத்து விடக் கூடாதா?" என்று சிரித்தான்.

அவள் எடுத்துவிடப் போகவில்லை. கூடையைப் பிடித்தபடியே நின்றாள். தொட்டுப் பேசாமல், காத்திருக்காமல், பட்டப்பகலில், சும்மா அவனைப் பார்த்த மாத்திரத்தில், அடிவயிற்றிலிருந்து அது தானாகவே கிளம்பி மேலே வந்தது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த ஆள்தான். வெகுநாள் கழித்துப் பார்க்கிறாள்.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றான் நெட்டை.

"கீழ வாங்க."

"இன்னும் பாதி கூடை இருக்கே."

"யோவ், வாய்யா கீழ!"

அவன் அந்தக் குரலைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கையிலிருந்த விரிப்பைக் கூடையில் போட்டான்.

அறை ஜன்னல் தெருப்பக்கம் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வேன் வந்து நிற்கிற சத்தமும், டிரைவர் கேட்கிறதும் காதில் விழுந்தன.

"எங்க, முதலாளி இல்லையா?"

"ரெண்டு பேரும் மேல கணக்குப் பாக்குறாங்க" என்றாள் மடிப்பக்கா.

"கரண்டே இல்லாம என்னக்கா கணக்கு?"

"அது மனக்கணக்குப்பா. நீ போயி டீ குடிச்சிட்டு வா. மெதுவா வா."

சுண்டு அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் உடம்பும் சிரிப்பில் குலுங்கியது. அப்போது திடீரென்று கரண்டு வந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. அவசரத்தில் யாரும் சுவிட்சை அணைக்காததால், கீழே மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு கிளம்பின. வெறும் ரோலர் கடகடவென்று உருள ஆரம்பித்தது.

பழக்கதோஷத்தில் நெட்டை தலையைத் தூக்கினான். "மெஷின்..."

அவள் அந்தத் தலையைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஓடட்டும்" என்றாள்.